வீட்டுக்குத் தெரிஞ்சிருமோ: கல்லூரிப் பிள்ளைகளோடு நமக்கு நேர்ந்தவை

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியை:

வீட்டுக்குத் தெரிஞ்சிருமோன்னு பயந்து, ஒரு சிக்கலோட உங்க கைக்கு வந்து சேர்ந்த ஒரு கல்லூரிப் பிள்ளையைப் பத்தி இங்க எழுதுங்க. பேரும் கல்லூரியும் வேண்டாம். முதல்ல நானே எழுதுதேன்.

ஒன்பது வருசமா எங்க கல்லூரிச் செஞ்சுருள் சங்கம், அதாவது எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் சங்கம், என் பொறுப்பு. ஜூன் 26 போதை ஒழிப்பு, டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம்னு பேரணியும் உறுதிமொழியும் தவறாம நடத்துவோம். ஆனா எனக்குக் கண்ணைத் திறந்தது ஒரு மோர்ச்சோறு.

கிராமத்து முகாம். ராத்திரிக்குப் புளிக்குழம்பு. ஒரு பையன் மட்டும் தினமும் மோரை ஊத்திக்கிட்டு ஓரமா இருப்பான். கேட்டா, "காரம் ஆகாது மேடம், வாய் எரியுது"ன்னான். இருபது வயசுப் பிள்ளைக்கு வாய் எதுக்கு எரியணும்? அதுக்கு முந்தின மாசம்தான் ஒரு பல் டாக்டர் வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாங்க: நம்ம மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா நிமிர்த்தி வாய்க்குள்ள வச்சா நுழையணும். அவனை வச்சுப் பார்க்கச் சொன்னேன். ரெண்டுதான் போச்சு.

பிளஸ் ஒன்ல இருந்து பாக்கும் புகையிலையும் கலந்த பொட்டலத்தைக் கன்னத்துல அடக்கி வச்சிருக்கான். தமிழ்நாட்டுல 2013-லேயே குட்காவைத் தடை செஞ்சாச்சு. அவனுக்குக் கிடைக்காத நாள் கிடையாதாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பாக்குதான் வாய்க்குள்ள இருக்கிற சதையை நார் நாரா இறுக்கிரும், இறுகினது முழுசாப் பழைய நிலைக்கு வராது, ஆனா இன்னைக்கு விட்டா இதுக்கு மேல இறுகாம இருக்க வாய்ப்பு உண்டுன்னாங்க. விடாம இருந்தா புற்றுநோய்க்கும் வழி.

"ஏன்பா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"ன்னு கேட்டேன். "எங்கம்ம பீடி சுத்தித்தான் படிக்க வைக்கா மேடம். இது தெரிஞ்சா தாங்க மாட்டா"ன்னான். முக்கூடல் பக்கம் ஊர். ஆயிரம் பீடி சுத்தினாத்தான் ஒருநாள் கூலி. புகையிலைத் தூசியிலேயே உட்கார்ந்து சம்பாதிக்கிறவகிட்ட இதை எப்படிச் சொல்லுவான்? 1800-11-2356-ன்னு புகையிலையை நிறுத்த உதவுற எண், பாக்கெட்டு மேலேயே அச்சடிச்சிருக்கும். மரத்தடி பெஞ்சுல என் பக்கத்துல உட்கார்ந்து அவனே பேசினான். நடுவுல ரெண்டு தடவை மறுபடி தொட்டுட்டு, தானா வந்து சொன்னான். இப்ப மூணாம் வருசம். வாய்க்குப் பயிற்சி செய்தான். ரெண்டரை விரல் போகுது.

வள்ளியூர், இப்ப கோயம்புத்தூர்ல வேலை:

மேடம், நான் எழுதப்போறது நாங்க செஞ்ச தப்பு. யாராவது ஒருத்தனுக்கு உதவும்னுதான் எழுதுதேன்.

செமஸ்டர் முடிஞ்ச ராத்திரி ஹாஸ்டல்ல நாங்க அஞ்சு பேரு. ஒருத்தன் அதுவரைக்கும் குடியைத் தொட்டதில்ல. "எம்புட்டுத் தாங்குதான்னு பார்ப்போம்லே"ன்னு பந்தயம் கட்டினது நாங்கதான். கால் மணி நேரத்துல பாதி பாட்டில். பிறகு வாந்தி, பிறகு பேச்சே இல்ல. தலையில ஒரு வாளி தண்ணியை ஊத்தினோம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வாயில விட்டோம். மல்லாக்கப் போட்டு, காலையில தெளிஞ்சிரும்னு லைட்டை அணைச்சிட்டோம். வார்டனுக்குத் தெரிஞ்சா சஸ்பென்ட். அவங்கப்பா களக்காட்டுப் பக்கம் வாழை போடுதவர், படிப்பையே நிறுத்திருவாவ. எங்க தலைக்குள்ள அது மட்டும்தான் ஓடுச்சு. அவன் மூச்சை யாரும் பார்க்கல.

பக்கத்து ரூம் எம்.எஸ்.சி. அண்ணன் சார்ஜர் கேட்டு வந்தாரு. அவர் அக்கா நர்ஸ். லைட்டைப் போட்டாரு. உதடு நீலம் பாரிச்சிருந்துது. நெஞ்சுல கை வச்சு வாட்சைப் பார்த்து எண்ணினாரு. நிமிசத்துக்கு ஏழு மூச்சு. "ஏலே, இவன் தூங்கலலே"ன்னாரு. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்கு. உடனே ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சு, மேல்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில கொடுத்தாரு. ஈரச் சட்டையைக் கழட்டிப் போர்த்திவிட்டாரு. 108-க்கும் அவரே போட்டாரு. வந்தவங்க சர்க்கரை பார்த்தாங்க, ரொம்ப இறங்கியிருந்துது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கிடந்தான்.

டாக்டர் எங்களை நிக்க வச்சுச் சொன்னாங்க. குடிக்கிறதை நிறுத்தினாலும் வயித்துல இருக்கிறது ரத்தத்துல ஏறிக்கிட்டேதான் இருக்குமாம். அதனால படுக்க வச்ச பிறகுதான் மோசமாகும். மல்லாந்து கிடந்தா வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். நினைவில்லாதவன் வாயில தண்ணி, மோர், காப்பி எதையும் விடக்கூடாது. தலையில ஊத்துன தண்ணி உடம்புச் சூட்டை இன்னும் இறக்கும். நாங்க அவனுக்குச் செஞ்ச அத்தனையும் அவனைக் கொல்றதுக்கான வேலை.

அவங்கப்பா மறுநாள் வந்தாவ. அடிக்கட்டும்னு நின்னோம். "எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா மக்கா"ன்னு மட்டும்தான் கேட்டாவ.

திருநெல்வேலி, டீக்கடை:

கல்லூரிக்கு நூறு கெஜத்துக்குள்ள பீடி சிகரெட்டு விக்கக்கூடாதுன்னு 2003-லேயே சட்டம் வந்தாச்சு. தெரிஞ்சேதான் வித்தேன். என் அண்ணன் மவன் கல்லூரியில சேர்ந்து, என் கடைக்கே கூட்டாளிகளோட வந்து நின்ன அன்னைக்கு நிறுத்தினேன். இப்ப உளுந்தவடைதான்.

ஆத்துக்குக் குளிக்கப் போற பயலுவகிட்ட ஒண்ணு சொல்லி விடுவேன்: முழங்கால் தண்ணின்னு நடப்பிய, அடுத்த எட்டு வச்சா ஆழமான கசமா இருக்கும். மணல் அள்ளின பள்ளம் மேல இருந்து பார்த்தாத் தெரியாது. குடிச்சிட்டு வந்தவன்னா வண்டிச்சாவியைக் கேட்டு வாங்கி வச்சுக்கிடுவேன். ஏசுவான். காலையில வந்து டீயைக் குடிச்சிட்டு வாங்கிட்டுப் போவான்.

நம்பிக்கை மைய ஆலோசகர்:

அண்ணாச்சி, நீங்க செய்றது பெரிய காரியம்.

எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தர்ற எங்க நம்பிக்கை மையத்துக்கு வர்ற கல்லூரிப் பிள்ளைங்க பாதிப்பேர் முகத்தை மறைச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறவங்க. ஒரு பையன் அப்படி நாலு நாள் வந்து போயிருக்கான். அஞ்சாம் நாள்தான் உள்ள வந்தான். பாதுகாப்பில்லாம ஒரு தடவை உறவு வச்சிருந்தான். எச்.ஐ.வி. தொத்தாம இருக்க ஒரு மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமச் சாப்பிடணும். டாக்டர் பார்த்து முடிவு செய்வாங்க. அவன் முதல் நாளே உள்ள வந்திருந்தா டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். வாசல்ல நின்ன நாலு நாள்ல அந்த நேரம் கடந்துபோச்சு.

அன்னைக்குச் செஞ்ச சோதனை மட்டும் போதாது, மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும்னு சொன்னேன். அந்த மூணு மாசமும் அவனுக்குத் தூக்கம் இல்ல. 14416-ன்னு டெலி மனஸ் எண் கொடுத்தேன், மனசு சரியில்லாதவங்களுக்கு உதவுற அரசு எண், ராத்திரியிலயும் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க. பேசினான். சொன்ன தேதிக்கு வந்தான். ரிசல்ட்டை இங்க எழுத மாட்டேன். அது அவனோடது. 2017 சட்டமும் அதைத்தான் சொல்லுது. அவன் சம்மதம் இல்லாம சோதிக்கவும் முடியாது, வெளிய சொல்லவும் முடியாது.

பேர் வேண்டாம்:

அக்கா, அங்க வந்தா வீட்டு நம்பர் கேப்பாங்களா?

நம்பிக்கை மைய ஆலோசகர்:

வீட்டுக்குக் கூப்பிட மாட்டோம் தம்பி. சோதனை இலவசம். காலையிலேயே வாங்க. கூட ஆள் வந்தாலும் உள்ள நீங்க மட்டும்தான். எத்தனை நாள் ஆச்சுன்னு இங்க எழுத வேண்டாம், ஆனா நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க.

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியை:

தனியாப் போகத் தயக்கமா இருந்தா எனக்குத் தனியா ஒரு வரி அனுப்புங்க தம்பி. எந்தக் கல்லூரின்னு கேக்க மாட்டேன். நான் வாசல்ல நிக்கேன்.