ஃபியூஸ் டிக்கியில், புகை டேஷ்போர்டுக்கு அடியில்

காரில் ஆம்ப்ளிஃபயருக்கு பவர் வயர் இழுத்தவர்கள் எல்லோரும் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். புதிதாகப் போடுகிறவர்களுக்கு உதவும். முதலில் என் அனுபவம்.

500 வாட் ஆம்ப், டிக்கியில் ஒரு சப்வூஃபர். மாட்டிக் கொடுத்தவர் பேட்டரியிலிருந்து சிவப்பு வயரை நேராக டிக்கி வரை இழுத்து, ஃபியூஸை ஆம்புக்குப் பக்கத்தில் வைத்தார். "மாத்தறதுக்கு ஈஸியா இருக்கும் சார்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றத்தானே, அதன் பக்கத்தில் இருப்பதுதானே முறை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒருநாள் இரவு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது கால் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. பாட்டுகூட ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, மனைவியையும் பையனையும் இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் அணைத்தேன். புகை நிற்கவில்லை. அந்த வயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டூல் பையிலிருந்த 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. கை நடுங்கியதில் அந்த ஒரு நட்டைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆனதென்றே தெரியவில்லை.

மறுநாள் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். டேஷ்போர்டைத் தாங்கும் இரும்புப் பட்டையின் விளிம்பில் வயர் உரசிக்கொண்டே கிடந்திருக்கிறது. வண்டியின் அதிர்வில் இன்சுலேஷன் அறுந்து, உள்ளே இருந்த செம்பு, அந்த இரும்புப் பட்டையில் முட்டியிருந்தது. அந்த இடத்திலிருந்து பேட்டரி வரைக்கும் இன்சுலேஷன் உருகி வழிந்திருந்தது. அதே இடத்திலிருந்து டிக்கி வரைக்கும் வயர் புத்தம் புதிதாக இருந்தது. ஃபியூஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் ஆகாது, அதன் வழியாகக் கரண்ட் போகவே இல்லையே. வண்டியின் உடல் முழுக்க நெகட்டிவ். பேட்டரியிலிருந்து கிளம்பிய கரண்ட் பாதி வழியிலேயே பாடியில் இறங்கி பேட்டரிக்குத் திரும்பிவிட்டது. ஷார்ட் ஆனால் ஒரு சாதாரண கார் பேட்டரி பல நூறு ஆம்பியரைத் தள்ளும்.

வெளியே வைக்கிற இந்த ஃபியூஸ் ஆம்புக்காக அல்ல, வயருக்காக. ஆம்பைக் காக்க அதிலேயே தனியாக ஃபியூஸ் இருக்கிறது. அதனால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து அதிகபட்சம் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். என் வண்டியில் இப்போது ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அந்த ஒரு சாண் வயருக்குக் காவல் கிடையாது என்பதால் அதன் மேல் தனியாக சுருள் டியூப் போட்டிருக்கிறேன்.

*

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஃபியூஸ் போகவில்லை, அதன் ஹோல்டர் உருகிவிட்டது.

கண்ணாடிக் குழாய் ஃபியூஸ், அதற்கு ஒரு பிளாஸ்டிக் ஹோல்டர். வயரைச் சொருகி சின்ன ஸ்குரூவால் இறுக்கும் வகை. சில மாத ஓட்டத்தில் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இணைப்பில் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். கணக்கு ரொம்ப எளிது. 50 ஆம்பியர் போகும் இடத்தில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே அங்கே 50 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னை பானெட்டுக்குள் எரியவிட்டு ஓட்டுவது போல. கரண்ட் அளவைத் தாண்டவில்லை என்பதால் ஃபியூஸ் தன் வேலையைச் செய்ய வழியே இல்லை.

வயரை வெட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன், செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு! சுத்தச் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூட அது கடத்தாது. அலுமினியம் மெத்தென்றிருப்பதால் ஸ்குரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, இணைப்பு இன்னும் தளரும். மேலே "4 கேஜ்" என்று அச்சடித்திருந்தார்கள். 4 கேஜ் என்றால் உள்ளே ஏறத்தாழ 21 சதுர மில்லிமீட்டர் உலோகம் இருக்க வேண்டும். என் வயரில் தடிமன் எல்லாம் ரப்பரில்தான் இருந்தது. வயர் வாங்குகிறவர்கள் தயவுசெய்து நுனியைச் சுரண்டிப் பாருங்கள். கையில் எடுத்ததும் எடையே இல்லாதது போல இருந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள்.

இப்போது சுத்தச் செம்பு வயர், நுனியில் லக் (துளையுள்ள உலோக முனை) வைத்து நசுக்கி கிரிம்ப் செய்து, போல்ட் போட்டு இறுக்கும் பட்டை ஃபியூஸ். மாட்டி ஒரு மாதம் கழித்து எல்லா நட்டையும் திரும்ப ஒருமுறை இறுக்கினேன். இரண்டு நட்டு கால் சுற்று போனது.

*

என் பங்குக்குச் சின்னதாக ஒன்று. சத்தம் கூட்டினால் ஒவ்வொரு பேஸுக்கும் ஆம்ப் அணைந்து அணைந்து வந்தது. எல்லோரும் ஆம்பையே குறை சொன்னார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பாட்டு ஓடும்போது ஆம்ப் முனையில் 11.2. மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் கிரவுண்டிலும் (பாடியில் கட்டும் நெகட்டிவ் வயர்) இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதாவது இழப்பில் பெரும்பகுதி கிரவுண்டில்தான். சீட் போல்டில் பெயின்ட்டின் மேலேயே கட்டியிருந்தார்கள்.

பாடியில் ஒரு இடத்தில் வெறும் தகடு பளபளக்கும் வரை பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, துரு பிடிக்காமலிருக்க மேலே பெயின்ட் அடித்தேன். கிரவுண்ட் வயர் அரை மீட்டருக்குள், பவர் வயர் அளவு தடிமன். 0.1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. துளை போடுவதாக இருந்தால் கீழே குனிந்து பெட்ரோல் டேங்க், பிரேக் பைப் எதுவும் இல்லையா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சீட் பெல்ட் போல்டை மட்டும் தொடவே வேண்டாம்.

*

நான் இந்த ஞாயிறு முதல் தடவையாக நானே மாட்டப் போகிறேன். ஆம்பில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கிறது. வயர் தூரம் 5 மீட்டர். எந்த வயர், எந்த ஃபியூஸ்? பேட்டரியில் எதை முதலில் கழற்றுவது, அண்ணா?

*

முதலில் எழுதியவன்தான் தம்பி. இரண்டையும் கூட்டினால் 60. சுத்தச் செம்பு 4 கேஜ் வாங்குங்கள், பேட்டரி பக்கம் 60 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 60 ஆம்பியர் ஓடும்போது 5 மீட்டரில் சுமார் கால் வோல்ட்தான் போகும். அதே இடத்தில் அதைவிட மெல்லிய 8 கேஜ் போட்டால் 0.6 வோல்ட் போகும், வயரும் சூடாகும். ஃபியூஸ் அடிக்கடி போனால் காரணத்தைத் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். பாசிட்டிவ் நட்டைத் திருப்பும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் ஷார்ட்தான். நெகட்டிவ் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. வயர் வேலை முழுக்க முடியும்வரை ஃபியூஸை ஹோல்டரில் போடாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்.

என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். அதோடு நிறுத்தாதீர்கள், உள்ளே வந்த பிறகு வயர் எதன் மேல் படுத்திருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். பெடல், ஸ்டியரிங் ராடு, சீட் நகரும் தண்டவாளம் மூன்றுக்கும் எட்டாமல் கட்டுங்கள். ஆடியோ வயரை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோனால் ஸ்பீக்கரில் என்ஜின் இரைச்சல் வர வாய்ப்பு குறைவு. ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயரை ஸ்டீரியோவிலிருந்துதான் எடுக்க வேண்டும். நேரே பேட்டரியில் கொடுத்தால் ராத்திரி முழுக்க ஆம்ப் விழித்திருக்கும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

*

மாட்டிவிட்டேன் அண்ணா, காலையில் தொடங்கி மாலை ஆகிவிட்டது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் ஒன்று இருந்தது. ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்று தெரியும், அதனால் அதைக் கழற்றாமல் வயரைச் சுற்றிக் கொண்டுபோனேன். நீங்கள் சொன்னபடி டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். ஒரு தகட்டு விளிம்பு விரலில் பட்டது, வயர் சரியாக அதன் மேலேயே கிடந்தது. இழுத்து மாற்றிக் கட்டி, அந்த விளிம்பிலும் ரப்பர் ஒட்டிவிட்டேன்.

என்ஜினை ஓடவிட்டு ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டு, அணைத்ததும் ஃபியூஸ் ஹோல்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். பக்கத்திலிருந்த பேட்டரி எவ்வளவு சூடோ அவ்வளவுதான் இருந்தது.