ஃபார்ம் பி-யில் எலி எண்ணிக்கைக்கு என்ன காரணம் எழுதுவது?

சேலத்தில் பார்மசி பிஎச்டி, இரண்டாம் வருடம். ஒரு மூலிகைச் சாற்றைச் சர்க்கரை நோய்க்குச் சோதிக்க, ஆறு குழு, குழுவுக்கு ஆறு என 36 விஸ்டார் எலி கேட்டு விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு ஃபார்ம் பி கொடுத்தேன். ஜனவரியிலும் ஏப்ரலிலும் திரும்பி வந்துவிட்டது, ஓரத்தில் சிவப்பு மையில் "ஏன் 36?" என்று மட்டும். நியாயமான கேள்விதான், சீனியர் தீசிஸில் ஆறு இருந்தது, நானும் ஆறு போட்டேன்.

அப்புறம் ரிசோர்ஸ் ஈக்குவேஷன் (மொத்த எலிகளில் குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்துப் பார்க்கும் சூத்திரம்) போட்டேன்: 36-இல் 6 போனால் 30, வரம்போ 10 முதல் 20. குழுவுக்கு நாலு என்றால் 24-இல் 6 போக 18, சரியாக வருகிறது, ஆனால் சர்க்கரை நோயை வரவழைக்கப் போடும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசியிலேயே சில எலிகள் செத்துவிடும், நாலு போதாது என்கிறார் கைடு. எண்ணிக்கையைக் கணக்கிடும் ஜி பவர் மென்பொருளோ எஃபெக்ட் சைஸ் (குழுக்களுக்கு இடையே எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் அளவு) கேட்கிறது, இந்தச் சாற்றில் முந்தைய ஆய்வே இல்லை. அடுத்த கூட்டத்துக்கு 20 நாள்தான்.

முந்தைய தரவு இல்லாதபோது எஃபெக்ட் சைஸை எதிலிருந்து எடுத்துக் காட்டினீர்கள்?