பேரீச்சம்பழத்துக்குப் போன இரட்டை வால் விமானம்

ராயபுரத்தான்:

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று இருந்தது. சின்ன வயதில் வைத்து விளையாடிய டைகாஸ்ட் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) பொம்மை விமானத்தைப் பெரியவரான பிறகு தேடி அலைந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் உங்கள் கதையையும் போடுங்கள். முதலில் என்னுடையது.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. 1974-ல் எனக்கு ஆறு வயது. ஒரு நாள் சாயங்காலம் வந்தவர், செருப்பைக் கூடக் கழற்றாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு விமானத்தை எடுத்து என் கையில் வைத்தார். கை சட்டென்று தாழ்ந்தது. அதுவரை நான் தொட்டதெல்லாம் திருவிழாக் கடை பிளாஸ்டிக்கும் தகரமும்தான். இது குளிர்ச்சியாக, கல் மாதிரி கனமாக இருந்தது. மேலே சாம்பல் நிறம், அடியில் வெள்ளை. உடம்புக்குப் பின்னால் ஒரு வால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தண்டுகள் நீண்டு, அவற்றின் உச்சியை ஒரு பட்டை இணைத்திருக்கும். அப்பா துறைமுகத்தில் வேலை செய்கிறவர் ஆயிற்றே, கப்பலில் வந்தது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் “லண்டன்லேர்ந்து வந்தது” என்று சொல்லி வைத்தேன்.

மூன்று வருஷம் அது என் தலையணைக்குக் கீழேதான் தூங்கியது. பிறகு மாடியிலிருந்து விழுந்து ஒரு தண்டு ஒடிந்தது. அந்த வருஷம் போகிக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது தெருவில் “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று குரல். அம்மா ஓட்டை அடுக்கோடு விமானத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காகிதத்தில் வைத்துப் பேரீச்சம்பழம் கொடுத்தாள், தின்றேன். விமானத்தைத் தேடியது மறுநாள்தான்.

தேட ஆரம்பித்தது 45 வயதுக்கு மேல். தப்பான பெயரை வைத்துக்கொண்டு தேடினேன். தாம்பரம் விமானப்படை நிலையத்தில் வேலை பார்த்த சித்தப்பா அப்போதே “இது வாம்பயர்டா” என்று சொல்லியிருந்தார். அவர் மேல் குற்றமில்லை. நம் விமானப்படை வாம்பயரை 1965 போரில்கூடப் பறக்கவிட்டது, அதற்கும் இரட்டை வால்தான். ஆனால் வாம்பயர் பொம்மை என்று எதைப் பார்த்தாலும் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆனது. வாம்பயரின் இறக்கை கிட்டத்தட்ட நேராக நிற்கும், வாலை இணைக்கும் பட்டையும் தாழ்வாக இருக்கும். என் நினைவில் இருந்த விமானத்தின் இறக்கை பின்னால் சாய்ந்தது. பட்டை உச்சியில் இருந்தது, அதன் கீழே சுண்டுவிரலை விட்டுத் தூக்குவேன். கண்ணை விட விரலுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருந்தது.

அப்படித்தான் சீ விக்சனுக்கு வந்து சேர்ந்தேன். டி ஹாவிலாண்ட் கம்பெனி செய்தது, டி.ஹெச். 110 என்றும் சொல்வார்கள். பிரிட்டிஷ் கடற்படை விமானம் தாங்கிக் கப்பல்களில் வைத்திருந்த இரட்டை எஞ்சின் போர் விமானம். அதில் பைலட் கூண்டு நடுவில் இருக்காது, இடது பக்கம் ஒதுங்கி இருக்கும். கூட வருகிறவர் வலது பக்கத்தில் உள்ளே புதைந்து உட்கார வேண்டும். நம் விமானம் தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்த்தில் அப்போது இருந்தது சீ ஹாக் என்ற வேறு விமானம். சீ விக்சனை இந்தியா வாங்கவே இல்லை, அதனால்தான் சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. பொம்மையாக அதைச் செய்தது டிங்கி, லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனியின் பொம்மை வரிசை. 1979-ல் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

டிங்கிதான் என்று முடிவு செய்து, லண்டன் கதையும் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்று வருஷம் முன்னால் கொருக்குப்பேட்டையில் ஒரு காயலாங்கடையில் கிரைண்டருக்கு ஒரு பழைய மோட்டார் தேடிப் போனேன். அண்ணாச்சி ஒரு மூட்டையைக் கொட்டிக் கயிறு கட்டிய காந்தத்தை மேலே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுவது இரும்புக் குவியலுக்கு, ஒட்டாதது இன்னொரு பக்கம். ஒட்டாத குவியலில் குழாய்த் திருகுகளுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் நடுவில் இரண்டு தண்டும் அவற்றின் மேல் ஒரு பட்டையும் நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து எடுத்தபோது கை அதே மாதிரி தாழ்ந்தது. வண்ணம் முக்கால்வாசி போயிருந்தது. சக்கரங்கள் இல்லை. அதன் உண்மையான விலை என்ன என்று நானே சொன்னேன், மறைக்க மனசு வரவில்லை. “எடைக்கு வந்தது, எடைக்கே எடுத்துக்கோங்க” என்றார். இருபது ரூபாய் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ‘மேட் இன் இந்தியா’. பக்கத்தில் ‘நிக்கி டாய்ஸ்’. 1960-களின் கடைசியில் டிங்கியின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்தன, அவற்றில் வார்த்தவைதான் நிக்கி. எழுத்துக்குப் பக்கத்தில் உலோகம் லேசாக மேடுதட்டிக் கரடாக இருந்தது. பொம்மையில் புடைத்துத் தெரிகிற எழுத்து அச்சில் பள்ளமாக இருக்கும். அந்தப் பெயரை எடுக்க அச்சைத் தேய்த்தால் அந்த இடம் முழுக்கக் குழியும், வார்ப்பில் அது மேடாக வரும். லிவர்பூல் பெயரைத் தேய்த்த தழும்பு என்றுதான் அதைப் பார்க்கிறேன்.

இதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தை இன்னும் நினைத்து வருந்துகிறேன். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளை அதைத் தாங்கும். இது துத்தநாகக் கலவை, புளியின் அமிலம் அதை அரித்துவிடும். இடது இறக்கையில் மிச்சமிருந்த சாம்பல் வண்ணம் உரிந்து, கீழே உலோகம் கறுத்துப் பொரிப்பொரியாகிவிட்டது. தயவுசெய்து யாரும் புளியோ எலுமிச்சையோ போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு, மெல்லிய பிரஷ், உடனே துடைத்துக் காயவைப்பது, அவ்வளவு போதும்.

பெரம்பூர் லோகோ:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நான் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தேன். அதில் விமானம் இல்லை, விமானத்தின் தூள் இருக்கிறது.

நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டு ஆங்கிலோ-இந்திய ஆன்ட்டி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது, “உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே கண்ணு” என்று தன் அண்ணனுடைய விமானத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாலு புரொப்பல்லர், இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. பெண் பிள்ளைக்கு எதற்கு விமானம் என்று வீட்டில் கேட்டார்கள், நான் யாரிடமும் கொடுக்கவில்லை. முதலில் இறக்கையில் கோடு கோடாக விரிசல், வெயிலில் வெடித்த ஏரி மாதிரி. அப்புறம் இறக்கை தானாக வளைந்தது. ஒரு மழைக்காலத்தில் எடுத்தேன், கையிலேயே பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நான் கீழே போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. இந்தக் கலவையில் பெரும்பங்கு துத்தநாகம், நூற்றுக்கு நாலு பங்கு போல அலுமினியம். அதில் ஈயம் துளி கலந்தாலும் போச்சு. இப்போது அனுமதிக்கிற அளவு நூறு கிலோவுக்கு ஐந்தே கிராம். அந்தக் காலத்தில் பட்டறையில் ஈயம் கலந்த பற்றாசுத் (சால்டர்) துண்டு ஒன்று உலையில் விழுந்தாலே மொத்த வார்ப்பும் கெடும். ஈயம் உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் ஊர் ஈரமும் சூடும் அந்த அரிப்பை விரைவுபடுத்தும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மருந்து கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். இது பக்கத்தில் இருக்கும் மற்ற பொம்மைகளுக்குத் தொற்றாது. தொற்றும் என்று பயந்து ஒருவர் நல்ல விமானங்களைக்கூட அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். வெள்ளைப் பவுடர் மாதிரி மேலே பூத்தால் அது வேறு, கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் துத்தநாகம் அப்படிப் பூக்கும். அதைத் துடைத்து உலர்ந்த இடத்தில் வைத்தால் நின்றுவிடும். விரிசலும் வளைவும்தான் நோய்.

திருவொற்றியூர் 19:

நான் உங்கள் இருவருக்கும் இளையவன். என்னுடையது பர்மா பஜார். பீச் ஸ்டேஷன் எதிரில் மாமா கூடப் போய், டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் அடுக்கிய கடையில், கண்ணாடிக்குப் பின்னால் அட்டையோடு தொங்கியது. மிக்-21. மாமா பேரம் பேசும்வரை அதைப் பார்த்தபடி நின்றேன்.

மேட்ச்பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் பொம்மைப் பெயரில் வந்த ஸ்கைபஸ்டர்ஸ் விமான வரிசை, 1973-ல் ஆரம்பித்தது. அடையாளம் காண்பது சுலபம், அடியில் எஸ்பி என்று போட்டு எண் இருக்கும். மிக்-21-க்கு எஸ்பி-6, போயிங் 747-க்கு எஸ்பி-10. ஆனால் ஆண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். அடியில் 1973 என்று இருந்தால் அது அச்சின் உரிமை ஆண்டு, பொம்மை செய்த ஆண்டு இல்லை. அதே அச்சில் பத்துப் பதினைந்து வருஷம் கழித்தும் வார்த்திருப்பார்கள். ஊர்ப் பெயரைப் பாருங்கள். மேட்ச்பாக்ஸைச் செய்த லெஸ்னி கம்பெனி 1982-ல் நொடித்துப்போய் யுனிவர்சல் என்ற கம்பெனியின் கைக்கு மாறிய பிறகு உற்பத்தி ஹாங்காங் பக்கத்தில் இருக்கும் மக்காவ் நகருக்குப் போனது. ‘இங்கிலாந்து’ என்றிருந்தால் லெஸ்னி காலம், ‘மக்காவ்’ என்றிருந்தால் அதற்குப் பின்.

இது தெரியாமல்தான் ஒரு தடவை மாட்டினேன். ஆன்லைனில் ஒருவர் ‘1973 ஒரிஜினல், பெட்டியோடு’ என்று போட்டதைப் பெரிய விலைக்கு வாங்கினேன். அடியில் மக்காவ். வண்ணமும் புதுசாக அடித்தது, பாகங்களை இணைக்கும் ரிவெட் ஆணியின் தலையைச் சுற்றிப் பெயின்ட் தேங்கியிருந்தது, எழுத்துகள் மழுங்கித் தெரிந்தன. கம்பெனியில் முதலில் பெயின்ட், பிறகுதான் ரிவெட். ரிவெட்டுக்கு மேலேயே பெயின்ட் ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். இப்போதெல்லாம் அடிப்பக்கப் படம் அனுப்பாதவரிடம் நான் பேச்சையே வளர்ப்பதில்லை.

ராயபுரத்தாரே, ஒரு கேள்வி. உங்கள் சின்ன வயது விமானமும் நிக்கிதானா, அல்லது நிஜமாகவே டிங்கியா? காயலாங்கடையில் கிடைத்தது வேறு ஆள் வீட்டுப் பொம்மைதானே?

ராயபுரத்தான்:

பெரம்பூர் அம்மா, அந்தத் தூளை எறியாதீர்கள். அதில் புரொப்பல்லர் தனித் தகடாக இருந்தால் அது பெரும்பாலும் கெட்டிருக்காது.

திருவொற்றியூர் தம்பி கேட்ட கேள்வி எனக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா இப்போது உயிரோடு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை விமானத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். 82 வயது, கண்ணாடி போட்டாலும் மங்கல்தான். ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் தடவினாள். விரல் நேராகப் பின்னால் போய் இரண்டு தண்டையும் தொட்டது.

“இது ஒடயலயே,” என்றாள்.

“இது வேறம்மா. நம்முளுது கப்பல்ல வந்ததா?”

“எந்தக் கப்பல்? போனஸ் வந்த அன்னிக்கு மூர் மார்க்கெட்ல வாங்குனாரு. நானுந்தான் கூடப் போனேன். ரெண்டு ரூபா கொறக்கச் சொன்னேன், கடைக்காரன் ‘கல்கத்தா சரக்கும்மா, கட்டாது’ன்னுட்டான். பையன் கையில நீங்களே குடுங்கன்னு நான்தான் சட்டைப் பையில போட்டு வுட்டேன்.”

பிறகு விமானத்தைத் திருப்பி என் கையில் கொடுத்து, சக்கரம் எங்கே என்று கேட்டாள். அந்த அளவுக்குச் சின்னச் சக்கரம் கடைந்து தரக்கூடிய லேத்துப் பட்டறை வண்ணாரப்பேட்டைப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.