சிட்னி ஆப்பரா ஹவுஸ்: படியோடு திரும்பிவிடாதீர்கள்

சிட்னி ஆப்பரா ஹவுஸுக்குப் போய் வந்தவர்களிடம் உள்ளே என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தால், பெரும்பாலானோர் வாசல் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டதாகவே சொல்கிறார்கள். அங்கே ஒரு மாலை முழுவதும் அமர்ந்து இசை கேட்டவன் என்ற முறையில், அந்தக் கட்டடத்தின் பாதியை மட்டுமே அவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

வெளிப்புறம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். சிட்னியின் மேற்குப் புறநகரான பாரமட்டாவில் உள்ள மைத்துனர் வீட்டிலிருந்து நாங்கள் ரயிலைத் தவிர்த்துவிட்டு ஆற்று வழியே படகில் சென்றோம். ஹார்பர் பாலத்தின் அடியைக் கடந்து சர்க்குலர் கீ துறையை நோக்கிப் படகு திரும்பும்போது அந்தக் கூரைகள் முழுதாகத் தெரிவதைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படங்களில் கூரை தூய வெள்ளையாகத் தெரியும். கட்டடம் நிற்கும் மேடைத்தளத்தை ஒட்டி அது கையெட்டும் உயரத்துக்கு இறங்கி வரும் இடத்தில் எங்கள் பெரியம்மா ஓட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளையே இல்லையே, தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். பளபளப்பான வெள்ளை ஓடுகளும் மங்கலான பாலேட்டு நிற ஓடுகளும் கலந்து பதிக்கப்பட்டிருப்பதால்தான் உச்சி வெயிலிலும் அது கண்ணைக் கூச வைப்பதில்லை. ஸ்வீடனில் செய்து தருவிக்கப்பட்ட அந்த ஓடுகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டும்.

சுமார் ஒரு மணி நேரச் சுற்றுலாவில் வழிகாட்டி சொல்லும் வரலாறு கேட்கத் தகுந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன் 1957-இல் வடிவமைப்புப் போட்டியில் 233 வடிவமைப்புகளுக்கிடையே வெற்றி பெற்றபோது, அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. கூரையின் எல்லாச் சிப்பி வடிவங்களையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாகக் கொள்ளலாம் என்ற தீர்வு 1961-இல் கிடைத்த பிறகுதான், ஒரே மாதிரியான அச்சுகளில் கான்கிரீட் விலா வளைவுகளை வார்த்து அடுக்க முடிந்தது. அதற்குள் செலவு ஏறிக்கொண்டே போனது. 70 லட்சம் டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு இறுதியில் 10 கோடியே 20 லட்சத்தில் போய் நின்றது. மாநில அரசுடன் ஏற்பட்ட பிணக்கால் 1966-இல் உட்சோன் விலகி ஊர் திரும்பினார். 1973 அக்டோபரில் எலிசபெத் அரசி திறந்துவைத்த அந்தக் கட்டடத்தை, 2008-இல் இறக்கும் வரை உட்சோன் நேரில் வந்து பார்க்கவே இல்லை. உள் அரங்குகளை முடித்தவர் ஆஸ்திரேலியரான பீட்டர் ஹால். அவருக்கு அதற்குரிய பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

அன்று மாலை நாங்கள் கச்சேரி மண்டபத்தில் சிட்னி சிம்பொனி இசைக்குழுவைக் கேட்டோம். மேடைக்குப் பின்புறம் உள்ள இருக்கைகள் விலை குறைவு என்பதால் அவற்றையே வாங்கியிருந்தோம். அங்கே உட்கார்ந்தால் இசைக்குழுவை நடத்துபவரின் முதுகுக்குப் பதிலாக முகம் தெரிகிறது. வயலின்காரர்களுக்கு அவர் புருவத்தாலேயே ஆணையிடுவதும், தாள வாத்தியக்காரர் தன் முறை வருவதற்காகத் தாள அளவுகளை எண்ணிக் காத்திருப்பதும் நமக்கு எதிரிலேயே நடக்கின்றன. முன்வரிசைக்குச் சமமான ஒலி அங்கே கிடைக்காது. பித்தளை வாத்தியங்கள் காதருகே முழங்கும். பாடகர் பாடினால் குரல் நமக்கு எதிர்த்திசையில் போய்விடும். ஆகவே பாட்டுக் கச்சேரிக்கு மட்டும் அந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

தலைக்கு மேலே பூவிதழ் போல மெஜந்தா நிறத்தில் தொங்குபவை அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. இசைக்கலைஞர்களுக்கு ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்பதில்லை என்ற பல்லாண்டுக் குறையைத் தீர்க்கத்தான், 2022-இல் முடிந்த புதுப்பிப்பில், பழைய அக்ரிலிக் வளையங்களை எடுத்துவிட்டு இந்த ஒலித்திருப்பிகளைத் தொங்கவிட்டார்கள். மேடையின் உயரத்தையும் குறைத்தார்கள். ரொனால்டு ஷார்ப் உருவாக்கிய, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களைக் கொண்ட ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவி நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில் சேர்ந்துகொண்டபோது, இருக்கையின் மரக்கைப்பிடி என் விரல்களுக்குக் கீழே அதிர்ந்தது. ஒலிப்பதிவில் எத்தனை முறை கேட்டாலும் அந்த அதிர்வு கிடைக்காது.

இடைவேளையில் மக்கள் பானம் வாங்க வரிசையில் நிற்பார்கள். நீங்கள் வடக்குப் பக்க முகப்புக்கூடத்துக்குப் போங்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் துறைமுகம் முழுவதும் விரிந்திருக்கும், மேலே கான்கிரீட் விலாக்கள் மறைப்பின்றித் தெரியும்.

போக நினைப்பவர்கள் நுழைவுச்சீட்டை அரங்கின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். எங்கள் உறவினர் ஒருவர் ஏதோ ஓர் இடைத்தரகுத் தளத்தில் ஏறக்குறைய இரட்டை விலை கொடுத்து வாங்கினார். தாமதமாகச் சென்றால் நிகழ்ச்சியில் தகுந்த இடைநிறுத்தம் வரும் வரை உள்ளே விடமாட்டார்கள். படி ஏற இயலாத முதியவர்கள் உடன் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மின்தூக்கி வழியாக அழைத்துச் செல்கிறார்கள். கீழே நீரோரம் உணவு வாங்கினால் கடற்புறாக்கள்மீது ஒரு கண் இருக்கட்டும். அவற்றை விரட்டுவதற்கென்றே நாய்களை வைத்திருக்கிறார்கள் என்றாலும், என் மைத்துனரின் வறுத்த உருளைக்கிழங்கை அவை விட்டுவைக்கவில்லை.