போட் ஜெனரேற்றரில கை போகாத இடத்து வேலை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

கள்ளப்பாட்டான்:
நடந்து 4 வருசமாகுது, இன்னும் ராவில நினைப்பு வரும். பலநாள் கலம் ஒண்டு முல்லைத்தீவுக்கு நேரே நங்கூரம் போட்டு நிண்டது. ஜெனரேற்றர் கொதிச்சு நிண்டு போச்சாம். பிளாஸ்டிக் வள்ளத்தில என்னை ஏத்திக்கொண்டு போச்சினம். எஞ்சினைக் குளிரப்பண்ணக் கடல்தண்ணி இழுக்கிற பம்புக்குள்ள சுத்திற றப்பர் இதழ்ச் சில்லு, அந்த இம்பெல்லர்தான் பிழை எண்டு கேக்கவே விளங்கீட்டுது. ஆனா கடல்தண்ணிப் பம்ப் கிடக்கிறது சுவர்ப்பக்கம், இடைவெளி 4 விரல். குப்புறப் படுத்து வலக்கையைத் தோள்மூட்டு வரை விட்டன். ஒண்டும் தெரியாது, விரல்தான் கண். மூடியில 6 ஸ்க்ரூ, 5 கழண்டிட்டுது. அந்த நேரம் கலம் ஒரு உருட்டு உருட்டிச்சுது, முழங்கை போய் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மேல இறுகீட்டுது. மேல வீல் அறையில இருந்து கலத்துச் சொந்தக்காரர், சம்மாட்டி, கேக்கிறார்: "தம்பி, ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டோ?"

ஸ்ராட் பட்டன் அவருக்குப் பக்கத்தில. பற்றறி வயர் நான் கழட்டேல்லை. "வேண்டாம்" எண்டு கத்தப் பாத்தன், காத்துத்தான் வந்துது. காலை உதறினன். சமைக்கிற பெடியன் அதைக் கண்டிட்டு, எனக்கு வலிப்பு எண்டு கத்திக்கொண்டு மேல ஓடினான். அதால தப்பினன். சம்மாட்டிக்கு நான் இண்டைக்கும் வலிப்புக்காரன்தான்.

நாச்சிக்குடா:
வலிப்பு இல்லை தம்பி, விசர். பற்றறி கழட்டாமல் ஆர் கை விடுறது? மெயின் சுவிச்சின்ர திறப்பை உருவிக் கழுத்தில போட்டிட்டுத்தான் நான் கீழ இறங்கிறனான். சம்மாட்டியில பிழை சொல்லாதையும், அந்தாள் கேட்டிட்டுத்தானே அடிக்கப் பாத்தது.

என்ர கதை சின்னன். அதே மூடி, ஒரு ஸ்க்ரூ நழுவி அடித்தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. கம்பியில காந்தம் கட்டி, அரை மணித்தியாலம் எண்ணைத்தண்ணியைத் துழாவினன். அது ஸ்டெயின்லெஸ், காந்தம் எடுக்காது. பக்கத்தில நிண்ட கிழவர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, கடைசியில "உது ஒட்டாதே ராசா" எண்டார். முதலே சொன்னா என்ன!

பரந்தன் பட்டறை:
இம்பெல்லர் மாத்தின கதை வாசிச்சன். உடைஞ்ச இதழ் எங்க போனது எண்டு ஒரு சொல்லும் இல்லை. பழசைக் கழட்டினா முதல் வேலை இதழை எண்ணுறது. 6 இருக்க வேண்டியதில 4 இருந்தா மிச்ச 2 தண்ணி போற வழியிலதான் கிடக்கும், அனேகமா எஞ்சின் சூட்டைக் கடல்தண்ணிக்குக் கடத்திற ஹீட் எக்ஸ்சேஞ்சரின்ர வாயில. அதை எடுக்காட்டி புது இம்பெல்லர் போட்டும் திரும்பச் சூடேறும், பிறகு பம்ப் சரியில்லை எண்டு பேச்சு விழும். புதுசு போடேக்க கிறீஸ் பூசாதேங்கோ, றப்பர் ஊதும். கிளிசரின், இல்லாட்டிப் பாத்திரம் கழுவுற சோப்புத்தண்ணி காணும். நிமிசத்துக்கு 1500 சுற்று சுத்திற சாமான், தண்ணி இல்லாமல் றப்பர் எவ்வளவு நேரம் தாங்கும்? மற்ற உலோகத்தை உப்புத்தண்ணி அரிக்காமல் தான் கரையிற சிங்க் கட்டையையும் அதோட பாருங்கோ, பாதி கரைஞ்சா மாத்துங்கோ. பின்பக்கம் தெரியாட்டி போனை வீடியோவில போட்டு உள்ள நீட்டுங்கோ.

இன்னொண்டு. எஞ்சின் பத்தி ஓடாமல் சும்மா ஸ்ராட் அடிச்சுக்கொண்டே இருந்தா பம்ப் தண்ணியை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணியைச் சைலன்சரால வெளிய தள்ளிறது எஞ்சின் புகைதான், பத்தாட்டி தள்ளி விடப் புகை இல்லை. சைலன்சர் நிரம்பித் தண்ணி திரும்ப எஞ்சினுக்குள்ள போகும். என்னட்டை அப்பிடி ஒண்டு வந்தது. ஒயில் குச்சியை இழுத்தன், பால்தேத்தண்ணி. தொடர்ந்து அடிக்கிறதெண்டா கடல்தண்ணி உள்ள வாற கடல்வால்வை மூடுங்கோ, பத்தினவுடன திறவுங்கோ.

நாச்சிக்குடா:
மூடினா ஆர் ஞாபகமாத் திறக்கிறது? திரும்ப இம்பெல்லர் கருகும்.

பரந்தன் பட்டறை:
உம்மட கழுத்தில தொங்கிற திறப்பை வால்வில கொழுவும். வால்வுக்குப் போகாமல் ஸ்ராட் அடிக்க ஏலாது.

இரணைமாதா நகர்:
நீங்கள் சண்டை பிடியுங்கோ. அப்பான்ர போட்டில டீசலுக்குள்ள சேந்த காத்தை வெளிய விடுற ஸ்க்ரூ பில்டருக்குப் பின்னால. ஆம்பிளையள் ஒருத்தற்ற கையும் போகாது. எனக்கு அப்ப 12 வயசு. "பிள்ளை, கையைத் தா" எண்டு என்ர விரலில ஸ்பனரைப் பிடிச்சு வைச்சு, "இடப்பக்கம், மெல்ல" எண்டு சொல்லித் தருவார். முதல் நுரைச்ச டீசல் வரும், நுரை நிண்டவுடன "இறுக்கு" எண்டுவார். ஒருக்கா கையை இழுக்கேக்க ஹோஸ் கிளிப்பின்ர வெட்டின நுனி மணிக்கட்டைக் கிழிச்சுப் போட்டுது. நான் அழேல்லை, ஏனெண்டா எஞ்சின் பத்தீட்டுது. இரத்தத்தைக் கண்டு அப்பாதான் அழுதவர். அண்டைக்கே எல்லாக் கிளிப் நுனிக்கும் சைக்கிள் ரியூப் வெட்டிச் சுத்திக் கட்டினவர்.

கள்ளப்பாட்டான்:
பரந்தன் அண்ணை, நான் அண்டைக்கு இதழ் எண்ணேல்லை. பழசை அப்பிடியே கடலில எறிஞ்சிட்டன். கலம் அண்டிரவே வெளிக்கிட்டுது.