தஸ்தயேவ்ஸ்கி கடிதங்கள்: எங்கே தொடங்கலாம்?

கேள்வி:
ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் நாவல்களை முடித்துவிட்டு அவர் கடிதங்களைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் பணப் புலம்பல்தான். அண்ணனிடம் கேட்கிறார், பதிப்பாளரிடம் கேட்கிறார், மனைவியிடம் கேட்கிறார். சலிப்பாக இருக்கிறது. எதை முதலில் படிப்பது?

பதில் 1:
1849 டிசம்பர் 22, அண்ணன் மிகயீலுக்கு எழுதியது. அரசியல் வழக்கில் மரண தண்டனை பெற்ற அவரை அன்று காலைதான் சுட்டுக்கொல்ல நிறுத்தி, கடைசி நொடியில் தண்டனையை மாற்றினார்கள். மூன்று மூன்று பேராக அழைத்தார்கள், நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன் என்று எழுதுகிறார்.

பதில் 2:
பணக் கடிதங்களைத் தள்ளிவிடாதீர்கள் நண்பரே, எனக்கு அவைதான் பிடிக்கும். 1865இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் சூதாடி எல்லாவற்றையும் தோற்றுவிட்டார். ஓட்டலில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள், தேநீர் மட்டும்தான். அந்த நிலையில் பத்திரிகை ஆசிரியர் கத்கோவுக்கு ஒரு கடிதம்: பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட ஏழை மாணவன், வட்டிக்குக் கொடுக்கும் கிழவியைக் கொல்கிறான், யாரும் சந்தேகப்படவில்லை, ஆனாலும் அவனே போய்ச் சரணடைகிறான். அப்புறம், 300 ரூபிள் முன்பணம் வேண்டும்! 'குற்றமும் தண்டனையும்' நாவலின் முதல் சுருக்கம் இந்தக் கடன் கடிதத்தில்தான் இருக்கிறது. பசியோடு எழுதியவர் கதையை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, இது தெரியாது. மனைவிக்கு எழுதியவை?

பதில் 2:
1871 ஏப்ரல், அன்னாவுக்கு எழுதியது. அதே வீஸ்பாடன், அதே தோல்வி. பாதிரியாரைத் தேடி இருட்டில் ஓடி, ரஷ்யத் தேவாலயம் என்று நினைத்து யூதர் தொழுகைக்கூடத்தின் முன் போய் நிற்கிறார். இனி ஆடமாட்டேன் என்று வழக்கம்போல சத்தியம். இந்த முறை காப்பாற்றினார்.