ஆர்டிஎக்ஸ் 3060 போட எந்த எஸ்எம்பிஎஸ் வாங்கலாம்? ஊரில் லோ வோல்டேஜ், வீட்டில் பழைய இன்வெர்ட்டர்

தறிச்சத்தம்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிபாளையம் பக்கம் இருக்கிறேன். தங்கை ஈரோட்டில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படிக்கிறாள். ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் புராஜெக்ட் செய்ய வேண்டும், லேப்டாப் தாங்கவில்லை. அதனால் வீட்டில் ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்கிறோம். ஐ5 12400எஃப் பிராசசர், 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, பழைய சிஸ்டத்தில் இருந்த 1 டிபி ஹார்டு டிஸ்க். இதுவரைக்கும் முடிவாகிவிட்டது.

குழப்பம் எஸ்எம்பிஎஸ்தான், அதாவது சிஸ்டத்துக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி. பழைய கேபினட்டோடு வந்த ஒன்று இருக்கிறது, ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. 3060-க்கு வேண்டிய 8 பின் வயர் அதில் இல்லை. கடைக்காரர், “இதுவே போதும் தம்பி, கார்டுக்கு ஒரு கன்வெர்ட்டர் வயர் போட்டுக்கலாம்” என்கிறார். நண்பன் ஒருவன் 850 வாட் கோல்டுக்குக் கீழே எதையும் தொடாதே என்கிறான். என் கையில் இதற்கு 5000 ரூபாய் வரை இருக்கிறது.

இன்னும் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் விசைத்தறி அதிகம், சாயங்காலம் வோல்டேஜ் நன்றாக இறங்கும். வீட்டில் ஒரு பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருக்கிறது. அப்புறம், பழைய சிஸ்டத்தின் கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் அது சரியாகிவிடுமா?

ஃபிரேம்ரேட்:

750 வாட் கோல்டு வாங்கிப் போடுங்கள் ப்ரோ. நாளைக்குப் பெரிய கார்டு போட்டாலும் மாற்ற வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்லும் அந்தக் கன்வெர்ட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஈயப்பற்று:

தம்பி, ஈரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். எரிந்த எஸ்எம்பிஎஸ் வாரம் தவறாமல் பெஞ்சுக்கு வரும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 450-ஐ மறந்துவிடுங்கள். ஸ்டிக்கரில் கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்களுக்கு உதவும் வாட். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்களில் 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் ஆம்பியரை வாரிக் கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி 450 என்று போட்டிருப்பார்கள். உங்கள் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் சிஸ்டத்துக்கு எவ்வளவு வேண்டும்? 12400எஃப்புக்கு 65 வாட் என்று பெட்டியில் இருக்கும், ஆனால் டர்போவில் அதிகபட்சம் 117 வாட் என்று இன்டெலே சொல்கிறது. 3060-க்கு 170. போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 340-ஐ ஒட்டி வரும். இதுவும் பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடினால்தான். ப்ளெண்டர் ரெண்டரைக் கார்டில் ஓட்டினால் பிராசசர் பாதி நேரம் சும்மாதான் இருக்கும். இருந்தாலும் 3060 போன்ற கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சொன்ன அளவைத் தாண்டி இழுத்துவிட்டுத் திரும்பும். அதற்கு இடம் விட வேண்டும். என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் என்று சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான். நல்ல 550 ஒன்று போதும், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கட்டும். 850 உங்களுக்குத் தேவையே இல்லை.

கோல்டா ப்ரான்ஸா என்பதற்கு ஒரு கணக்கு. 80 ப்ளஸ் என்பது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. நம் 230 வோல்ட்டில், பாதி லோடில், ப்ரான்ஸ் என்றால் 88 சதவீதம், கோல்டு என்றால் 92. தங்கை தினமும் 4 மணி நேரம் 200 வாட் லோடில் வேலை செய்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வருடத்துக்கு 15 யூனிட் கூட வராது. அதற்காக இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு உங்கள் வீட்டில் வேறு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். இன்னொன்று, அந்த 80 ப்ளஸ் ஸ்டிக்கர் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. ஓவர் கரண்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், ஓவர் டெம்பரேச்சர், இந்த நான்கு பாதுகாப்பும் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வாரண்டி 5 வருடம் கொடுக்கிற கம்பெனி உள்ளே போடும் கப்பாசிட்டரில் அவ்வளவாகக் கஞ்சத்தனம் செய்யாது என்பது என் அனுபவம். கப்பாசிட்டருக்குச் சூடுதான் எமன். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். 105 டிகிரி ஜப்பான் கப்பாசிட்டர் என்று பெட்டியில் பெருமையாகப் போடுவது இதனால்தான்.

இனி உங்கள் ஊர் விஷயம். பெட்டியில் இன்புட் என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் 100-240 வோல்ட், சிலவற்றில் 200-240 வோல்ட். நம் நாட்டுக்கு என்று வரும் மலிவு மாடல்களில் நிறைய இரண்டாவது வகை. சென்னையிலோ கோவையிலோ இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் தெருவில் தறிகள் ஓடும் நேரத்தில் 170-க்கு இறங்கினால் இரண்டாம் வகை பொட்டென்று அணைந்துவிடலாம். நீங்கள் 100-240 என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். 115, 230 என்று பின்னால் சிவப்பு சுவிட்ச் வைத்த எதையும் வாங்காதீர்கள். அதில் ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) இருக்காது, டிசைனே பழையது.

100-240 என்றாலும் லோ வோல்டேஜில் அதற்குக் கஷ்டம்தான். சிஸ்டம் கேட்கிற வாட் மாறாது, வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 230-இல் 1.7 ஆம்பியர் இழுப்பது 170-இல் 2.3 இழுக்கும், உள்ளே சூடு ஏறும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமிருந்து வருகிற எஸ்எம்பிஎஸ்களைத் திறந்தால் பாதிக்கு மேல் இன்புட் பக்கம்தான் போயிருக்கும். கூடவே ஃபேன் முழுக்கப் பஞ்சு. வீட்டை ஒட்டித் தறி இருந்தால் கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். அடியில் இருக்கும் ஃபில்டரை மாதத்துக்கு ஒருமுறை தட்டிவிடுங்கள்.

மாடல் கேட்பீர்கள். கார்சேரின் சிஎக்ஸ் வரிசை, கூலர் மாஸ்டரின் எம்டபிள்யூஈ ப்ரான்ஸ் வரிசை, இந்த மாதிரி 550-இல் பாருங்கள். ஆனால் ஒரே பெயரில் உள்ளே டிசைனை மாற்றி மாற்றி விடுவார்கள். அதனால் பெயரை மட்டும் நம்பாமல், கையில் வாங்கும் பெட்டியில் இன்புட் வரியையும் 12 வோல்ட் ஆம்பியரையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தறிச்சத்தம்:

ரொம்ப நன்றி அண்ணா. ஸ்டிக்கரைப் பார்த்தேன், +12 வோல்ட் 16 ஆம்பியர் என்று இருக்கிறது. அப்படியென்றால் 192 வாட்தானா? பின்னால் சிவப்பு சுவிட்சும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் மீட்டர் வாங்கி நேற்று ராத்திரி ஏழு மணிக்குப் பார்த்தேன், பிளக்கில் 178 வோல்ட். காலையில் 226. கடைக்காரர் கொடுப்பதாகச் சொன்ன கன்வெர்ட்டர், சாட்டா வயரிலிருந்து 8 பின்னுக்குப் போவது. இன்வெர்ட்டரில் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஈயப்பற்று:

ஆமாம், 192தான். கார்டு ஒன்றே 170 கேட்கும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துப் புது போர்டை ஆன் செய்து பார்க்கக்கூட வேண்டாம்.

சாட்டா கன்வெர்ட்டரை ஏன் எல்லோரும் வேண்டாம் என்கிறோம் என்றால், சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்தான், ஒரு பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். 8 பின் 150 வாட் வரை கொண்டுபோகக்கூடியது. 54 தாங்குகிற இடத்தில் கார்டு நூறுக்கு மேல் இழுத்தால் அந்தப் பிளாஸ்டிக் உருகும். உருகிய பிளக்குகள் என் மேசை டிராயரில் கிடக்கின்றன. கஸ்டமருக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கிறேன். புது எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும் 8 பின் வயரையே போடுங்கள். வயர்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை வாங்கினால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை எடுத்துச் செருகாதீர்கள், ஒரே கம்பெனியாக இருந்தாலும் சரி. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. பொருத்தமாக உட்காரும், ஆனால் ஹார்டு டிஸ்க்குக்கு 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய்விடலாம். அதில் இருக்கும் தங்கையின் புராஜெக்ட் அப்புறம் திரும்ப வராது.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போடவே வேண்டாம். அது கரண்டை லைனில் வருவது போல வளைந்த அலையாக (சைன் வேவ்) இல்லாமல் கட்டம் கட்டமாகக் கொடுக்கும். ஃபேன், லைட்டுக்கு அது சரி. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் அந்த அலையில் உறுமும், சில சமயம் அணையும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கலாமா என்றால் உங்கள் ஊரில் அதிலும் ஒரு சிக்கல். பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால்தான் கரண்ட் போகிற நொடியில் சிஸ்டம் அணையாமல் இருக்கும், ஏனென்றால் எஸ்எம்பிஎஸ் தன் கப்பாசிட்டரில் சேர்த்ததை வைத்துத் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லி செகண்டுதான். ஆனால் அந்த மோடில் 180 வோல்ட்டை ஒட்டி இறங்கினாலே பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்குத் தாவிவிடும். உங்கள் 178-க்கு தினமும் சாயங்காலம் பேட்டரியில்தான் ஓடும். ராத்திரி நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரியில் ஒன்றும் இருக்காது.

அதனால் சிஸ்டத்துக்கென்று தனியாக ஒரு யுபிஎஸ், உள்ளேயே ஏவிஆர் இருப்பதாக. பேட்டரியைத் தொடாமலே குறைந்த வோல்டேஜை அது ஏற்றிக் கொடுக்கும். நான் கோல்டில் மிச்சம் பிடிக்கச் சொன்ன பணம் இதற்குத்தான். விஏவைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். 600 விஏ என்று விற்பது 360 வாட்தான். உங்கள் 340 வாட் சிஸ்டம் பிளக்கில் இழுப்பது 385 வரும், மானிட்டர் வேறு. 1000 விஏ, 600 வாட் எடுங்கள்.

மூணுபின்:

நான் எலக்ட்ரீஷியன். ஷாக் அடிக்கிற விஷயத்தை யாரும் தொடாததால் எழுதுகிறேன். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் அது போகாதுங்க, புதிதிலும் இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலிலேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது. பேஸிலிருந்து ஒரு சின்ன கப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் பாடிக்குப் போகும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடியில் பாதி வோல்டேஜ், அதாவது 115 போல நிற்கும். ஆளைக் கொல்லுகிற அளவு கரண்ட் அதில் இல்லை, ஆனால் எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது போர்ட் போக வாய்ப்பு உண்டு. இன்னொரு பக்கம், உள்ளே நிஜமாகவே பேஸ் பாடியில் ஒட்டினால் எர்த் இல்லாத வீட்டில் ஃபியூஸ் போகாது, தொடுகிற ஆள்தான் போவார்.

மீட்டர் இருக்கிறதே, பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள், பழக்கம் இல்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வருகிற அதே வோல்டேஜை ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் எர்த் குழி காய்ந்திருக்கும் அல்லது வயர் துருப்பிடித்து அறுந்திருக்கும். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் குழியில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் இதே கதைதான்.

கெஞ்சிக் கேட்கிறேன், பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட யாரையும் விடாதீர்கள். ஷாக் உடனே நின்றுவிடும், வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். என்றைக்காவது நியூட்ரல் கழன்றால் கேபினட் முழுக்க முழு வோல்டேஜும் நிற்கும்.

தறிச்சத்தம்:

அண்ணா, பார்த்தேன். பகலில் பேஸ்-நியூட்ரல் 224, பேஸ்-எர்த் 60-க்குள் ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார், குழியைத் தோண்டிப் புது எர்த் போடச் சொல்லியிருக்கிறேன். அது முடிந்த பிறகுதான் சிஸ்டம் அசெம்பிள். 550 வாட் ப்ரான்ஸ் ஒன்றை 100-240 என்று பார்த்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். 1000 விஏ யுபிஎஸ்ஸுக்கு அப்பா ஒத்துக்கொண்டார். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து ஃபேனை மட்டும் கழற்றிக்கொள்ளலாமா?

ஈயப்பற்று:

திறக்காதீர்கள் தம்பி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அதை வடிக்கிற ரெசிஸ்டர் போயிருந்தால் நெடுநேரம் இறங்காது. ஒரு ஃபேனுக்காக அந்த வம்பு எதற்கு? ஈரோடு வரும்போது கடையில் கொடுத்துவிடுங்கள், ஃபேனைக் கழற்றித் தருகிறேன். புதிதை வாங்கும்போது சீரியல் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள், அது இல்லாமல் வாரண்டிக்கு அலைய வேண்டியிருக்கும்.